காட்டு எல்லைக்கல்லுக்கும் முதல் ஏரிக்கும் நடுவில்

அஞ்செட்டிப் பக்கம் காப்புக்காட்டை ஒட்டி நாலு ஏக்கர் புஞ்சை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காவிரி தெற்கு சரணாலயம் அறிவிச்சுட்டாங்க. ஓசூர் பக்கம் மாஸ்டர் பிளான் பேச்சு ஓடுது. இனி எங்க நிலத்துக்கும் மண்டலம் போட்டு முடக்கிடுவாங்களா? இப்படிக் கோடு போட்டா காடும் ஏரியும் நிஜமாவே தப்புமா? ஊர்க்காரங்க நாங்க என்ன கேட்கணும்?"

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கவலை தீராமல் மீதியைப் படிக்க மனசு நிற்காது. உங்கள் நிலம் போகாது, தம்பி. எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரைபடத்தில் பிரிப்பதுதான் நில உபயோக மண்டலம்; அது பட்டாவைத் தொடுவதில்லை. ராகி போட்டால் போட்டுக்கொண்டே இருக்கலாம், மாடு வைத்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், குடியிருக்க வீடு வேண்டுமென்றால் விதிப்படி அனுமதி கேட்கலாம். சரணாலயத்துக்கு வெளியே சூழல் உணர்திறன் மண்டலம் அறிவித்தாலும் இப்படித்தான். அந்த அறிவிக்கைகளில் மூன்று பட்டியல் இருக்கும்: தடை செய்தவை, அனுமதியோடு செய்யக்கூடியவை, ஊக்குவிக்க வேண்டியவை. தடைப் பட்டியலில் குவாரி, கிரஷர், மாசு தரும் தொழிற்சாலை, மரம் அறுக்கும் மில் போன்றவை வரும். ஊர்க்காரர்கள் செய்துவரும் விவசாயம் அதில் வராது. மழைநீர் சேமிப்பும் இயற்கை விவசாயமும் ஊக்குவிக்கும் பட்டியலில் இருக்கும்.

மற்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டும். நில அளவையிலும் வரைபட வேலையிலும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் சுற்றியவன் நான். அதில் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

காப்புக்காட்டுக்கு உள்ளே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. 2014-ல் காவிரி வடக்கு சரணாலயம் 504 சதுர கிலோமீட்டருக்கு வந்தது. 2022 நவம்பரில் காவிரி தெற்கு, 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து, அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடும் மாதேஸ்வரன் மலையோடும் தொடர்பு கொண்டு, சத்தியமங்கலம் வரைக்கும் காட்டுத் தொடர்ச்சி கிடைத்திருக்கிறது. யானை, நீர்நாய், முதலை, நாற்கொம்பு மான், சாம்பல் நிற அணில் எல்லாம் வாழும் இடம். பெரிய வேலை. அதைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் காட்டு எல்லைக்கல்லைத் தாண்டி இறங்கினால், அடுத்த கல் எது? ஊர் ஏரிக்கரை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டரோ மூன்று கிலோமீட்டரோ நிலம் இருக்கிறது. கொஞ்சம் பட்டா, கொஞ்சம் ஓடைப் புறம்போக்கு, கொஞ்சம் கரடு, கொஞ்சம் மேய்ச்சல் தரை. வனத்துறைக்கு அது வெளியே. நகரத் திட்டக்காரர்களுக்கு அது ஊரைத் தாண்டிய இடம். நீர்வளத்துறைக்கு ஏரியும் கரையும்தான் கணக்கு. நம்முடைய தண்ணீர் பிழைப்பதும் சாவதும் இந்தத் துண்டில்தான்.

ஏன் என்று மண்ணை வைத்துப் பார்க்கலாம். நம் பக்கம் முழுக்கக் கடினப்பாறை. மேலே கொஞ்சம் சிதைந்த பாறையும் செம்மண்ணும், கீழே விரிசல் விட்ட பாறை. தண்ணீர் தங்குவது அந்தச் சிதைந்த அடுக்கிலும் விரிசலிலும்தான். ஆற்றுப்படுகை ஊர்களைப் போல ஆழமான மணல் கிடையாது. ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையும் பதமாகப் பெய்யாது. செப்டம்பர், அக்டோபரில் நாலைந்து தடவை அடித்துவிட்டுப் போய்விடும். மேலே காட்டில் சருகும் புல்லும் இருந்தால் அந்த அடியின் வேகம் குறையும். அங்கிருந்து இறங்கும் தண்ணீர் மலையடிவாரத்தில் சமதளத்தைத் தொடும்போதுதான் கல்லையும் பெருமணலையும் போட்டுவிட்டு நிதானமாகும். அந்த அடிவாரப் பெருமணல்தான் உறிஞ்சும் இடம். கீழே இருக்கிற கிணற்றுக்கெல்லாம் தாய் அது. அங்கே குழிதோண்டிக் கல் எடுத்தாலோ, ரோடு போட்டு மண்ணை இறுக்கினாலோ, கீழே எத்தனை ஏரியைத் தூர் வாரினாலும் பலன் பாதிதான்.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. மேல்மட்டத் தண்ணீர் வற்றினால் போர்க்கிணறு ஆழமாகப் போகிறது. நம் பக்கப் பாறைகளில் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. ஆழத்தில் பல வருஷம் பாறையோடு கிடந்த தண்ணீரில் அது கரைந்து ஏறிவிடுகிறது. பல்லில் கறை, குனிந்த முதுகு என்று நம் மாவட்டங்கள் பட்டது கொஞ்சமா? அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது; 2013-ல் தொடங்கியது. காவிரித் தண்ணீர் குழாயில் வருவது நல்லது. ஆனால் மாட்டுக்கும் கொல்லைக்கும் நம் நிலத்தடி நீரைத்தான் நம்ப வேண்டும்.

இனி நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பாகப்பிரிவினைக்கு அளக்கப் போனேன். நிலத்தை எண் வாரியாக அளந்து போட்ட புல வரைபடத்தில் ஒரு ஓடை, மலைப் பக்கத்திலிருந்து இறங்கி நாலு புல எண்களைக் கடந்து ஏரிக்குப் போகிறது. அகலம் சராசரி எட்டு மீட்டர். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கூட வந்த பெரியவர், "இந்த ஓடையில மழைக்காலத்துல தண்ணி வர்ற சத்தத்துக்கு ராத்திரி தூக்கம் வராது சார்" என்றார். நடந்துகொண்டே போனோம். இரண்டாவது புல எண்ணில் ஓடை மாந்தோப்புக்குள் போய் ஒரு முழ அகலத்து வாய்க்காலாக ஆகியிருந்தது. மூன்றாவதில் புதிதாகப் போட்ட மண் ரோடு. ரோட்டுக்கு அடியில் இரண்டடி சிமென்ட் குழாய் ஒன்று, பாதி மண் அடைத்து. நாலாவதில் ஓடையே இல்லை. வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தால் கரை நன்றாக இருக்கிறது, மதகு நன்றாக இருக்கிறது, நிரம்பி மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் கோடியும் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே வேலிகாத்தான். "ஏரி கோடி போய் பதினோரு வருஷம் ஆச்சு" என்றார் பெரியவர்.

அந்த மனைப்பிரிவுக்காரர் ஏரியைத் தொடவில்லை. மாந்தோப்புக்காரரும் காட்டைத் தொடவில்லை. மேலே காடு காடாகவே இருக்கிறது, கீழே ஏரி ஏரியாகவே இருக்கிறது. நடுவில் இருந்த எட்டு மீட்டர் போய்விட்டது.

தடுக்க வேண்டிய திட்டம் ஏன் தடுக்கவில்லை? நம் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மண்டலத் திட்டம், மாஸ்டர் பிளான் என்று சொல்லும் முழுமைத் திட்டம், விரிவு அபிவிருத்தித் திட்டம் என்று எல்லாம் இருக்கிறது. மண்டலத் திட்டம் என்பது பல தாலுகாவை ஒன்றாக எடுத்து, எங்கே காடு, எங்கே விவசாயம், எங்கே தொழில் என்று பெரிய அளவில் தீர்மானிப்பது. சட்டத்தில் இருக்கும் இந்தக் கருவிதான் நமக்கு வேண்டியது. ஆனால் நடைமுறையில் திட்டம் எப்போதும் நகரத்திலிருந்து தொடங்கி வெளியே போகிறது. நடுவில் ஊர், சுற்றிலும் குடியிருப்பு, ரோட்டோரம் வணிகம், ஒரு பக்கம் தொழிற்சாலை. மிச்சம் இருப்பதற்கெல்லாம் விவசாயம் என்று பச்சை அடித்துவிடுவார்கள். அந்தப் பச்சையில் ஓடை எங்கே பிறக்கிறது, எந்த ஏரிக்குப் போகிறது என்று இருக்காது. பிறகு ஒவ்வொருவராக நில உபயோக மாற்றம் கேட்டு வருவார்கள். ஒவ்வொரு மனுவும் தனியாகப் பார்த்தால் சின்னது. இரண்டு ஏக்கர், நாலு ஏக்கர். ஒரே ஏரியின் நீர்ப்பிடிப்பில் இதுவரை எத்தனை மாறியிருக்கிறது என்று கூட்டிப் பார்க்க அந்தக் கோப்பில் இடமே கிடையாது.

திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களிலும் விவசாய நிலத்தை மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும் என்று 47-அ பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் இப்போது நடக்கும் பண்ணை நில விற்பனை அதில் சிக்குவதில்லை. பெங்களூரிலிருந்து வருபவர்களுக்குக் கால் ஏக்கர், அரை ஏக்கராகப் பிரித்து விற்கிறார்கள். பத்திரத்தில் விவசாய நிலம். தரையில் போய்ப் பார்த்தால் சுற்றுவேலி, தார் ரோடு, ஆளுக்கொரு போர், வாரக்கடைசி வீடு. வாங்குபவர்களைக் குறை சொல்லவில்லை. மரம் நடுவோம் என்ற ஆசையில்தான் பலரும் வருகிறார்கள். ஆனால் நீர்ப்பிடிப்பின் கணக்கில், இருபது ஏக்கர் புஞ்சை நாற்பது துண்டாகி, நாற்பது வேலியும் நாற்பது போரும் வந்தால் அது மனைப்பிரிவுதான். அடிவாரத்தில் நிலம் எவ்வளவு சிறிதாகத் துண்டாகலாம் என்று குறைந்தபட்ச அளவு வைக்காமல் இதைப் பிடிக்க முடியாது.

குவாரி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு சிறுகனிம விதியில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது: சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக்காடு இவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது. 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக்காட்டை எடுத்துவிட்டார்கள். சரணாலயத்துக்கு மட்டும் அந்த ஒரு கிலோமீட்டர் நின்றது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எல்லா இடத்துக்கும் ஒரே அளவு சூழல் மண்டலம் பொருந்தாது என்று தன் முந்தைய உத்தரவைத் திருத்தியபோதும், சரணாலயத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்பதை விடவில்லை.

நம் ஊருக்கு இதன் பொருள் என்ன? அஞ்செட்டியில் உங்கள் நிலம் சரணாலய எல்லையை ஒட்டியிருந்தால் அந்தக் காவல் உங்களுக்கு இருக்கிறது. ஆனால் அரூர், தீர்த்தமலை, சித்தேரி, மொரப்பூர்ப் பக்கம் இருக்கும் காடுகள் காப்புக்காடுதான், சரணாலயம் இல்லை. அங்கே மலையடிவாரத்துக்கு விதி வழியாகக் காவல் போய்விட்டது. நில உபயோகத் திட்டம் ஒன்றுதான் மிச்சம். கிரானைட் நம் மாவட்டங்களுக்குச் சோறு போட்ட தொழில், அதை நான் மறுக்கவில்லை. உறிஞ்சும் அடிவாரத்திலும் ஓடைத் தலைப்பிலும் அது வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். கல் இருக்கும் கரடுகள் வேறு எத்தனையோ இருக்கின்றன.

மலை ஊர்களாக இருந்தால் ஹாக்கா என்று சொல்லும் மலைப் பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலையும் பாருங்கள். 1990-லிருந்து இருக்கிறது. வருவாய்க் கிராம வாரியாக அந்தப் பட்டியல் இருக்கும். உங்கள் கிராமம் அதில் இருந்தால் மனைப்பிரிவுக்கும் பெரிய கட்டடத்துக்கும் கூடுதல் ஒப்புதல் தேவைப்படும்.

அப்புறம் வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வந்த தண்ணீர் ரோட்டோரம் நின்ற வேன்களையும் கார்களையும் பொம்மை மாதிரி இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அத்தனை மழைக்கு எந்த ஊரும் தாங்காது. ஆனாலும் கோடி போகும் தண்ணீருக்கு வழி வேண்டும். ஏரிக்கு வரும் ஓடையைத்தான் நாம் பேசுகிறோம். ஏரியிலிருந்து போகும் ஓடையும் அதே அளவுக்கு முக்கியம். பதினோரு வருஷம் தண்ணீர் போகாத கோடி வாய்க்காலில் வீடு கட்டத் தோன்றுவது மனித இயல்பு. பன்னிரண்டாவது வருஷம் தண்ணீர் தன் பழைய வழியில்தான் வரும். கோடி வாய்க்காலின் இரண்டு கரையிலும் கட்டடம் கூடாது என்று வரைபடத்திலேயே இருந்தால் கேட்க ஒரு பிடி இருக்கும்.

யானையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக இறங்கி, ராகி பால் பிடிக்கும் சமயத்துக்குச் சரியாக வந்து சேரும். பரண் மேல் தகர டின்னைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்த ராத்திரிகள் உங்கள் வீட்டிலும் இருக்கும். திட்டம் போடுபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அது ஓடையைப் பிடித்துத்தான் வருகிறது. தண்ணீரும் நிழலும் இருக்கும் வழி அது. ஓடையோரத்தைத் திறந்து வைத்தால் யானைக்கும் ஒரு வழி கிடைக்கும். ஒரு இடத்தில் சுவர் எழுப்பினால் அது பக்கத்து ஊர்க் கொல்லைக்குத் திரும்பும். யானை அகழி வெட்டும்போதும் ஓடை குறுக்கிடும் இடத்தைக் கவனிக்காமல் வெட்டுகிறார்கள். முதல் மழைக்கு அந்த இடம் சரிந்து தூர்ந்துவிடும், யானை அதே சரிவில் இறங்கி ஏறிவிடும். நானே மூன்று இடத்தில் பார்த்திருக்கிறேன்.

நம் கைக்கு எட்டாத ஒன்றும் இருக்கிறது. நம் மாவட்டத் தண்ணீர் இரண்டு பக்கம் பிரிகிறது. சின்னாறு, நாகாவதி, தொப்பையாறு எல்லாம் காவிரிக்கு. மார்க்கண்டேய நதி, பாம்பாறு, வாணியாறு எல்லாம் தென்பெண்ணைக்கு. தென்பெண்ணையின் தலைப்பு நந்தி மலைப் பக்கம், கர்நாடகத்தில். பெங்களூரின் கழிவுநீர் ஏரி ஏரியாக இறங்கி கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதை ஓசூர்க்காரர்கள் வருஷம் தவறாமல் பார்க்கிறார்கள். அதற்கு இங்கே மண்டலம் போட்டு மருந்து கிடையாது; இரண்டு மாநிலமும் பேச வேண்டிய விஷயம். ஆனால் அஞ்செட்டியின் தொட்டல்லா மாதிரி நம் காட்டிலேயே ஓடும் ஆறுகளுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

சரி, ஊராக என்ன கேட்க வேண்டும்?

மண்டலத்தை ஊர் எல்லை வைத்துப் பிரிக்காதீர்கள், ஏரி வாரியாகப் பிரியுங்கள் என்று கேளுங்கள். மலை முகட்டிலிருந்து ஏரி வரை ஒரு அலகு. அதில் காட்டுக்கு அடுத்த அடிவாரத் துண்டுக்குத் தனிப் பெயர் வேண்டும். விவசாயம் என்ற பொதுப் பச்சையில் அதைக் கரைக்கக் கூடாது. அங்கே விவசாயம், மேய்ச்சல், மரப்பயிர், குடியிருப்பவர் வீடு எல்லாம் இருக்கட்டும். குவாரி, மனைப்பிரிவு, சிறு துண்டு விற்பனை, ஓடைக்குக் குறுக்கே சுவர், வணிகத்துக்குத் தண்ணீர் எடுக்கும் போர் இதெல்லாம் வேண்டாம். இதை நில உபயோக மாற்ற மனு போட்டுத் தனித்தனியாகத் தளர்த்த முடியாது என்றும் எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் மீதி எல்லாம் காகிதம்தான்.

மேய்ச்சலை நான் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பென்னாகரத்துக் காட்டோரத்தில் வளர்ந்த ஆலம்பாடி மாடு இன்றைக்கு எண்ணிக்கை குறைந்து நிற்கிறது. காட்டோரப் பட்டிக்காரர்களையும், இருளர்களையும், சித்தேரி, வத்தல்மலை மலையாளிப் பழங்குடி மக்களையும் வெளியே நிறுத்திவிட்டுக் காட்டைக் காப்பாற்றும் திட்டம் எதுவும் நிற்காது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்கு உள்ள உரிமையைத் திட்ட வரைபடத்தில் முதலிலேயே குறிக்க வேண்டும். எந்தப் பக்கம் உண்ணிச்செடி மண்டிப் புல் செத்துவிட்டது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மேலேயிருந்து எடுத்த படத்தில் உண்ணிச்செடியும் பச்சையாகத்தான் தெரியும்.

இதில் சின்ன விவசாயிக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ரோட்டோர நிலம் கோடிக்குப் போகும்போது, அடிவாரத்து நிலத்துக்கு விலை ஏறாது. கீழே இருக்கும் ஊருக்கெல்லாம் தண்ணீர் காப்பாற்றிக் கொடுப்பவர் அவர். சொட்டுநீர் மானியத்தில் முன்னுரிமை, யானை மேய்ந்த பயிருக்குத் தாமதமில்லாத இழப்பீடு, சோலார் வேலிக்கு உதவி என்று அந்த மண்டலத்தோடு சேர்த்தே கேளுங்கள். அது பிச்சை இல்லை, கூலி.

வேலையை எங்கே தொடங்குவது? இ-சேவை தளத்தில் உங்கள் கிராமத்தில் ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும் புல வரைபடங்களையும் எடுங்கள். ஓடை, ஏரி, வண்டிப்பாதை, கரடு என்று புறம்போக்காக இருக்கும் ஒவ்வொரு புல எண்ணையும் தனியாக எழுதுங்கள். முடிந்தால் எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். வேலைக்கு முந்தைய பதிவேட்டையும் தாலுகா ஆபீசில் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது கணக்கு மாறிய ஓடைகள் இருக்கின்றன. ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்திருந்தால் எத்தனை வருஷம் ஆனாலும் அதை மீட்க வேண்டும் என்று 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உங்களுக்குத் துணை. பிறகு வயசானவர் ஒருவரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, அந்தத் தாளை வைத்து ஓடையில் நடங்கள். மேலிருந்து கீழே நடங்கள், தண்ணீர் வரும் வழியில். எங்கே அகலம் குறைகிறது, எங்கே குழாய், எங்கே வேலி என்று புல எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஏரிக்கு இரண்டு நாள் போதும்.

அந்தப் பட்டியலை கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபை இதற்குச் சரியான நாள். தீர்மானத்தில் "நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள், அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புல எண், உட்பிரிவு, அகலம், எந்த ஏரிக்குப் போகிறது என்று எழுதுங்கள். வரைவுத் திட்டம் வெளிவந்தால் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்துக்குள் ஓடையை நடந்து பார்க்க நேரம் கிடைக்காது. தயாராக இருக்கும் ஊர்களின் மனுதான் வரைபட மேசைக்கு வந்து சேரும். என் மேசைக்கு அப்படிப் புல எண்ணோடு வந்த மனு மிகச் சிலதான். அவற்றை வைத்துப் பென்சில் கோட்டை நகர்த்தியிருக்கிறேன்.

உங்கள் நாலு ஏக்கருக்குப் பக்கத்தில் ஓடை போகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. போகிறதென்றால், அதன் இரண்டு கரையிலும் வேலி போடுவதற்கு முன் புல வரைபடத்தில் அகலத்தைப் பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் புல எண்ணை மறைத்துவிட்டு வரைபடத்தை இங்கே போடுங்கள், அளவை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருகிறேன்.